எட்டுத் துளைகள்

“இன்னொரு படி ஏறினா கால் இருக்காது” என்றாள் மூத்தவள்.

பட்டறை வாசலை மறித்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் முழங்கை நீளத்துக்கு ஒரு ஸ்பேனர். மாப்பிள்ளை தூக்கிய காலை அந்தரத்தில் வைத்தபடி யோசித்தார்.

“எந்தக் கால்னு முன்னாடியே சொல்லிட்டீங்கன்னா நல்லது. ஒரு செருப்பு புதுசு.”

“ஜோடியா வாங்கினா ரெண்டும் புதுசுதான் மாப்பிள்ளை. ஏறுங்க” என்றார் பின்னால் வந்த தராசம்மா.

தராசம்மா இருபத்தாறு வருஷம் எடை அளவு ஆய்வாளராக இருந்தவர். ஊரில் உள்ள கடைக்காரர்கள் அத்தனை பேருடைய வயிற்றெரிச்சலையும் கொட்டிக்கொண்டு ஓய்வு பெற்ற பிறகு, துப்பறியும் தொழிலுக்கு வந்தார். பழைய உத்தியோகத்திலிருந்து அவர் கொண்டுவந்தவை இரண்டு: கைப்பையில் ஒரு அளவு டேப், யாரையும் நம்பாத ஒரு பார்வை. உதவியாளராக இருந்தவர் அவருடைய தங்கையின் கணவர். வீட்டு மாப்பிள்ளை என்பதால் மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. “மாப்பிள்ளை, கொஞ்சம் இந்தச் சாக்கடைக்குள்ள இறங்கிப் பார்க்கறீங்களா?” என்றுதான் கேட்பார்.

மாப்பிள்ளை அடுத்த படியில் கால் வைத்தார். ஸ்பேனர் உயர்ந்தது.

“பட்டறையில பாதி எங்க பேர்ல இருக்கு” என்று முன்னால் வந்தாள், அவர்களைக் கூட்டி வந்த இளையவள். “எங்க பாதிப் படியில அவங்க ஏறுவாங்க.”

“உன் பாதியா? உன் புருஷன் வாங்கின பாதி கூரையில சொருகிக்கிட்டு நிக்குது. போய்ப் பாரு.”

ஓர்ப்படிகள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே பேசினார்கள். மூன்று நாளைக்கு முன்பு வரை ஒரே அடுப்பில் சமைத்தவர்கள்.

அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்திய கார் பெயிண்ட் பட்டறை அது. பெயிண்டைத் தெளிக்கக் காற்று வேண்டும். அந்தக் காற்றை அடைத்து வைக்க ஆள் நீள இரும்பு டேங்க் ஒன்று, படுத்த வாக்கில், பின்மூலையில் இருந்தது. சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு அது வெடித்தது. பக்கத்தில் நின்ற அண்ணனுக்கு இடது கை இரண்டு இடத்தில் முறிந்தது, இரண்டு காதும் சுத்தமாகப் போயிற்று. தம்பி அந்த நேரம் பெயிண்ட் வாங்க வெளியே போயிருந்தான். அதுவே அவனுக்கு வினையாயிற்று. டேங்க்கைத் தேடி வாங்கி வந்தவனும் அவன்தான். குப்பையை வாங்கிப் போட்டுவிட்டு, வெடிக்கும் என்று தெரிந்து வெளியே நழுவிவிட்டான் என்று மூத்தவள் புகார் எழுதிக் கொடுக்க, அன்று மாலையே போலீஸ் அவனைத் தூக்கிப் போய்விட்டது. மூன்று நாளாக உள்ளே இருக்கிறான்.

உள்ளே வெயில் வட்டமாக விழுந்திருந்தது, கூரைத் தகடு பிய்ந்த இடத்தில். மேலே இரும்புச் சட்டத்தில் நீல நிறத் துண்டு ஒன்று குத்திக்கொண்டு நின்றது. இன்னொரு துண்டு, பாதி பெயிண்ட் அடித்த காரின் கதவைத் துளைத்து உள்சீட்டில் உட்கார்ந்திருந்தது.

“அந்தக் கார்காரர் சவாரி ஏத்தமாட்டேன்னு சொன்னாராம்” என்றார் மாப்பிள்ளை. யாரும் சிரிக்கவில்லை.

தராசம்மா தகரத் தடுப்புக்குப் பின்னால் போய், டேங்க் இருந்த மூலையில் முட்டி போட்டு உட்கார்ந்தார். தூசியைக் கையால் துடைத்தார். வெகுநேரம் தரையைப் பார்த்தார்.

“மாப்பிள்ளை, இந்தத் துளைகளை எண்ணுங்க.”

“எட்டு.”

“ஒரு டேங்க்குக்கு எத்தனை கால்?”

“நாலு. எட்டு இருந்தா அது சிலந்தி.”

நான்கு துளைகளில் போல்ட்டுகள் அறுபட்டு, துருவேறிய பல்போல நின்றன. மற்ற நான்கும் காலி. உள்ளே சிமெண்ட் இன்னும் வெள்ளையாக இருந்தது. போட்டு அதிக நாள் ஆகாத துளைகள். தராசம்மா டேப்பை இழுத்தார். காலித் துளைகளுக்கு இடையே தொண்ணூற்று நாலு சென்டிமீட்டர். போல்ட் நின்றவற்றுக்கு எழுபத்தெட்டு.

“பழைய டேங்க்கோட துளை எது?” என்று இளையவளைக் கேட்டார்.

“துருப்பிடிச்சது. புது டேங்க்குக்குக் கால் தள்ளி இருக்குன்னு இவருதான் டிரில் எடுத்துப் புதுசா நாலு போட்டாரு.”

“அப்புறம் பழைய டேங்க்?”

“பின்பக்கம் கிடந்துச்சு. ஒரு நாள் காணோம். எடைக்குப் போட்டாச்சுன்னாங்க.”

தராசம்மா எழுந்து முட்டியைத் தட்டினார். “சனிக்கிழமை வெடிச்சது புதுத் துளையில நின்ன டேங்க் இல்லம்மா. பழைய துளையில நின்ன டேங்க்.”

வாசலிலிருந்து மூத்தவளின் குரல் வந்தது. “அளந்து முடிச்சாச்சா? அவன் பண்ணின துரோகத்தையும் ஒரு அளவு எடுத்துட்டுப் போங்க.”

ஆட்டோவில் ஏறியதும் இளையவள் ஒரு நோட்டை நீட்டினாள். தம்பியின் கையெழுத்து. புத்தம்புது டேங்க் வாங்கும் வசதி இல்லாமல், அடுத்தவர் ஓட்டிக் கழித்த பழசை வாங்கப் பயந்து, நான்கு மாதம் அலைந்த கதை அதில் வரிவரியாக இருந்தது. ‘தட்டினால் மங்கிய சத்தம். வேண்டாம்.’ ‘அடியில் ஒட்டுப்போட்ட வெல்டிங். மேலே புதுப் பெயிண்ட். ஆளும் சரியில்லை.’ ‘வால்வை ஆணி வைத்து அடைத்திருக்கிறான். அவனிடம் சண்டை.’ ‘தகடு இல்லை. சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.’

கடைசி வரியைத் தராசம்மா இரண்டு தடவை படித்தார்.

“அதென்ன தகடு, அக்கா?” என்றார் மாப்பிள்ளை.

“டேங்க்கோட ஜாதகம். யார் செஞ்சது, எந்த வருஷம், எவ்வளவு அழுத்தம் தாங்கும், எல்லாம் அதுல இருக்கும். வெடிச்ச துண்டுல இருந்த தகட்டு நம்பரும் இவர் வாங்கின டேங்க் நம்பரும் ஒண்ணு. போலீஸ் அதை வச்சுத்தான் இவரைப் பிடிச்சிருக்கு.”

தம்பி டேங்க் வாங்கிய பழைய இரும்புக் கடையில் முன்பக்கக் கண்ணாடி ஒன்றுகூட மிச்சமில்லை. கம்பிக் கதவை உள்பக்கமாகப் பூட்டிக்கொண்டு கடைக்காரர் நின்றார்.

“கண்ணாடி உடைக்க வந்திருந்தா திரும்பிப் போங்க. எல்லாம் உடைச்சாச்சு. அந்த மூத்தவளோட தம்பி நேத்து நாலு பேரோட வந்து வேலையை முடிச்சுட்டுப் போயிட்டான்.”

“நாங்க கேள்வி கேட்க வந்தோம்” என்றார் மாப்பிள்ளை.

“அதுக்குக் கண்ணாடியே பரவாயில்லை.”

தராசம்மா கம்பிக்கு வெளியே நின்றபடியே துளைகளின் கதையைச் சொன்னார். கடைக்காரரின் முகம் மெல்ல மாறியது. ஆனால் கதவைத் திறக்கவில்லை.

“அந்த ஆளு என் உயிரை எடுத்தாரும்மா. டேங்க் முழுக்கத் தண்ணி நிரப்பி, அழுத்தம் ஏத்திக் காட்டுன்னாரு. காட்டினேன். ஒரு பொட்டு கசியலை. திரும்பக் காட்டுன்னாரு. மூணாவது தடவை டேங்க் கசியலை, நான்தான் அழுதேன். அப்படிப் பார்த்து வாங்கினது வெடிச்சுதுன்னா நான் தொழிலையே விட்டுடறேன்.”

கம்பிக்கிடையே ஒரு காகிதம் வெளியே வந்தது. சோதனைச் சான்றிதழின் நகல். கீழே பென்சிலால் ஒரு படம். காலுக்குக் கால் தொண்ணூற்று நாலு.

“அப்போ தகடு மட்டும்தான் உங்களோடது” என்றார் தராசம்மா. “அதைப் பேர்த்துப் பழைய டேங்க்ல அடிச்சு, நீலப் பெயிண்டும் பூசி, இருந்த இடத்துலயே வச்சிருக்காங்க. தடுப்புக்குப் பின்னால ஒரு சாண் குட்டையா இருந்ததை யாரும் பார்க்கலை. தகட்டைப் பார்த்தாங்க, ஆளைப் பார்க்கலை.”

“என் டேங்க் எங்கே?”

“தகடு இல்லாம கொண்டு வந்தா நீங்க எடுப்பீங்களா?”

“எடைக்கு எடுப்பேன். வேற எவன் எடுப்பான்?”

ஆட்டோவுக்குத் திரும்பும்போது தராசம்மாவின் நடை வேகமாயிற்று. “விற்க முடியாத பொருளை எதுக்கு மாப்பிள்ளை திருடணும்?”

“வச்சுக்கறதுக்கு.”

“பானை கையில இருக்கறவன் கடையில போய் என்ன கேட்பான்?”

மாப்பிள்ளை ஒரு கணம் நின்றார். “மூடி.”

டேங்க் தானாகக் காற்றை விழுங்காது. காற்றை உறிஞ்சி உள்ளே தள்ள மேலே ஒரு ஹெட்டும் மோட்டாரும் வேண்டும். பட்டறையில் இருந்ததைப் பழைய டேங்க்குக்கே மாட்டியாயிற்று. எல்லாக் கடையிலும் அதை டேங்க்கோடு சேர்த்துத்தான் விற்பார்கள். தம்பியின் நோட்டில் ஒன்பதாவது பக்கத்தில் ஒரு விலாசம் இருந்தது: ‘ஹெட்டை மட்டும் தனியாகக் கொடுப்பவர் இவர் ஒருவர்தான். வாய் சரியில்லை.’

வாய் உண்மையிலேயே சரியில்லை.

“இது சாமான் விக்கிற கடை. சமாச்சாரம் விக்கிற கடை இல்லை” என்று பில் புத்தகத்தை இழுத்து மேஜை இழுப்பறைக்குள் தள்ளினார் கடைக்காரர். “போலீஸ்னா போலீஸ் மாதிரி வாங்க. இல்லைன்னா வெயிலை மறைக்காம நில்லுங்க.”

தராசம்மா மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளைக்கு அந்தப் பார்வை பழக்கம். சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் வந்தார்.

“இவருகிட்ட என்னக்கா பேச்சு? இவரு கொடுத்த ஹெட்டுக்கு பெல்ட்டே உட்காரலை. ஓட விட்டா ஆடு கத்தற மாதிரி கத்துது. இவரு எப்படி வாய் திறப்பாரு?”

கடைக்காரர் எழுந்தே விட்டார். “எந்த ஹெட்டு?”

“தனியா வாங்கினது. போன மாசம்.”

“போன மாசம் தனியாப் போனது ஒண்ணே ஒண்ணு. பெல்ட்டை நானே என் கையால மாட்டி, ஓட விட்டுக் காட்டி அனுப்பினேன். கத்துதா? பில்லைப் பாரு. தேதியைப் பாரு. உத்தரவாதம் இன்னும் இருக்கு, கத்தினா தூக்கிட்டு வரச் சொல்லு.”

இழுப்பறைக்குள் போன பில் புத்தகம் வெளியே வந்து, திறந்து, மாப்பிள்ளையின் மூக்குக்கு நேராக நின்றது. அவர் படித்தார். சிரிப்பு நின்றது.

பில்லில் இருந்தது தம்பியின் பெயர்.

பட்டறையின் பெயர்கூட இல்லை. தம்பியின் பெயர், முழுசாக, தகப்பன் பெயரோடு. தராசம்மா கைபேசியில் அதைப் படம் பிடித்துக்கொண்டார். வாங்கியவர் எப்படி இருந்தார் என்று கேட்டதற்கு, “ரெண்டு கண்ணு, ஒரு மூக்கு” என்று பதில் வந்தது.

வெளியே இளையவள் ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாப்பிள்ளை அவளிடம் நேராகப் போனார். காலையிலிருந்து இந்தப் பெண்ணுக்காகத் திட்டு வாங்கியதெல்லாம் அவருக்கு இப்போது கசந்தது.

“ஏம்மா, எங்களைப் பார்த்தா எப்படித் தெரியுது? நல்ல டேங்க்கை ஒளிச்சு வச்சு, மேல மாட்ட ஹெட்டும் வாங்கி வச்சிருக்காரு உங்க வீட்டுக்காரர். அவரை வெளிய எடுக்க நாங்க அலையறோம்.”

அவள் படத்தை வாங்கிப் பார்த்தாள். பெயரைத் தாண்டிக் கீழே போன பார்வை அங்கேயே நின்றது.

“இந்தத் தேதியா?” என்றாள். “இது என் சித்தி பொண்ணு கல்யாணத் தேதி. நாங்க ரெண்டு பேரும் வெள்ளிக்கிழமை பஸ் ஏறினவங்க, திங்கக்கிழமை காலையிலதான் இறங்கினோம். இவரு அங்க சமையல் கட்டுல கேஸ் கசியுதுன்னு சொல்லி, குழாயை மாத்தினப்புறம்தான் அடுப்பு பத்த வைக்கணும்னு பிடிவாதம் பிடிச்சாரு. சமையல்காரர் கரண்டியைத் தூக்கிட்டு வந்துட்டாரு. முன்னூறு பேர் பார்த்தாங்க. எனக்கு மானமே போச்சு.”

மாப்பிள்ளை தலையைச் சொறிந்தார். “முன்னூறு பேர் எதுக்கு? அந்தச் சமையல்காரர் ஒருத்தர் போதும். ஜென்மத்துக்கும் மறக்கமாட்டாரு.”

“மன்னிப்புக் கேளுங்க மாப்பிள்ளை.”

“கேட்டுக்கிட்டேம்மா.”

தராசம்மா ஆட்டோவின் விளிம்பில் உட்கார்ந்தார். “இவரு ஊர்ல இல்லைன்னு தெரிஞ்சவங்க. பட்டறைச் சாவி வச்சிருக்கறவங்க. ரெண்டு நாள் உள்ளே தனியா இருந்து டேங்க்கை மாத்தி, பெயிண்ட் அடிச்சுக் காய வைக்கத் தெரிஞ்சவங்க. மாட்டிக்கிட்டா பழி யார் மேல விழணும்னும் முன்கூட்டியே முடிவு பண்ணினவங்க. எத்தனை பேர் இருக்காங்க?”

இளையவள் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள்.

“பெரியவரா?” என்றாள். “அவருதானே அடிபட்டுக் கிடக்காரு.”

“வெடிக்கிற டேங்க்குக்கு ஆள் அடையாளம் தெரியாது.”

“ஆறு மாசமாப் பாகம் பிரிக்கணும்னு சண்டை. அதுக்காக...” அவள் முடிக்கவில்லை.

“இப்போதைக்கு நம்ம கையில இருக்கறது உங்க வீட்டுக்காரர் பேர் போட்ட ஒரு பில். இதைப் போலீஸ்ல கொடுத்தா அவரு கழுத்துக்குத்தான் கயிறு. டேங்க் எங்கேன்னு தெரியணும். அது ஒருத்தருக்குத்தான் தெரியும்.”

நான்கு மணிக்கு ஆஸ்பத்திரியில் பார்வையாளர்களை உள்ளே விட்டார்கள். நீளமான வார்டு, சுவரோரம் பன்னிரண்டு கட்டில். ஏழாவதில் அண்ணன், கையில் மாவுக்கட்டு, இரண்டு காதிலும் பஞ்சு. வாக்குமூலம் வாங்க வந்த போலீஸ்காரர் கால்மாட்டில் ஸ்டூல் போட்டுக் காத்திருந்தார். கட்டிலோரம் நின்ற மூத்தவள் இவர்களைப் பார்த்ததும் பாய்ந்தாள்.

“இங்கேயும் வந்துட்டீங்களா? மனுஷன் சாகலைன்னு வருத்தமா? இவளை வெளிய போகச் சொல்லுங்க. இவ நிழல் இந்தக் கட்டில்ல விழக்கூடாது.”

“யாரு வந்திருக்கா?” என்றார் அண்ணன். எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பிய அந்தக் குரலுக்கு நர்ஸ் திரும்பிப் பார்த்து, வழக்கம் போல் விட்டுவிட்டாள். தன் குரல் தனக்கே கேட்காத மனிதருக்குச் சத்தத்தின் கணக்குத் தெரியவில்லை. அவரிடம் எதையும் எழுதித்தான் காட்ட வேண்டும்.

தராசம்மா மருந்து அட்டைப் பெட்டி ஒன்றைப் பிரித்து, அதன் வெள்ளைப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதினார். மாப்பிள்ளை தோளுக்கு மேலாக எட்டிப் படித்துவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தார். அதில் ஒரு வார்த்தைகூட உண்மை இல்லை.

‘நீங்கள் தனியாக வைத்திருக்கும் டேங்க்கும் சரியில்லையாம். விற்றவரே இப்போது ஒப்புக்கொண்டார். மோட்டார் போட்டால் அதுவும் வெடிக்கும்.’

அண்ணன் படித்தார். இன்னொரு தடவை படித்தார். தராசம்மாவையும் போலீஸ்காரரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நல்ல கையால் மனைவியின் கழுத்தை வளைத்துப் பக்கத்தில் இழுத்தார். உதட்டை அவள் காதோடு ஒட்டி வைத்தார். ரகசியம் பேசினார்.

“உன் தம்பிக்கு உடனே போன் போடு. புது ஷெட்ல மோட்டாரைப் போட வேண்டாம்னு சொல்லு. டேங்க் பக்கத்துலயே போக வேண்டாம்னு சொல்லு. மெதுவாப் பேசு, போலீஸ்காரன் காதுல விழுந்துடப் போகுது.”

பன்னிரண்டாவது கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். வாசலில் போன ஆயா நின்றாள். போலீஸ்காரர் ஸ்டூலை நகர்த்திவிட்டு எழுந்து நின்று, பேனா மூடியைக் கழற்றினார்.

“அடுத்த வார்டுல சில பேருக்குக் கேட்டிருக்காதுன்னு நினைக்கிறேன்” என்றார் மாப்பிள்ளை மெல்ல.

மூத்தவள் நிமிர்ந்தாள். “எந்த ஷெட்டு? என் தம்பிக்கும் உங்களுக்கும் என்ன?” அவர் காதில் அது விழவில்லை. அவள் கைபேசியை எடுத்துத் தன் தம்பியை அழைத்தாள். விரல் எங்கோ பட்டு ஒலிபெருக்கி இயங்கியது.

“நீ எங்க இருக்க?”

“ஷெட்லதான்க்கா. மாமா சொல்லிட்டாரா? பாகம் பிரிஞ்சதும் உன்கிட்ட சொல்லலாம்னு...”

அவள் இணைப்பை வெட்டினாள். போலீஸ்காரர் கையை நீட்ட, கைபேசியை அவரிடம் கொடுத்தாள். அவர் அந்த எண்ணை எழுதிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் பேச வராந்தாவுக்குப் போனார்.

அண்ணனுக்கு இப்போதுதான் ஏதோ புரிந்தது. சுற்றிலும் இருந்த முகங்கள் எல்லாம் தன்னையே பார்ப்பதைப் பார்த்தார்.

“பழசு இன்னும் ரெண்டு மாசம் தாங்கும்னுதான் நினைச்சேன்” என்றார், அதே பெரிய குரலில். “பிரியற வரைக்கும் ஓடினாப் போதும்னு நினைச்சேன். இவன் நாலு மாசம் தேடி வாங்கினதை, நாளைக்குப் பாகம் பிரிக்கும்போது இவனே எடுத்துக்குவான்ல.”

இளையவள் அதுவரை வாய் திறக்கவில்லை. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கேட்காத அந்த மனிதரைப் பார்த்துப் பேசினாள்.

“மச்சானுக்கு ஆபத்துன்னதும் அந்த நிமிஷமே போன் போடச் சொல்றீங்க. கூடப் பிறந்தவரு மூணு வாரமா அந்தப் பழசுக்குப் பக்கத்துல நின்னாரு. ஒரு வார்த்தை வரலை உங்க வாயில.”

யாரும் அதை எழுதிக் காட்டவில்லை.

போலீஸ்காரர் திரும்பி வந்தார். “ஷெட்டுக்கு ஆள் போயாச்சு. உங்க வீட்டுக்காரரை இன்னைக்கே அனுப்பச் சொல்லியிருக்கேன்மா” என்று இளையவளிடம் சொல்லிவிட்டு, தராசம்மா பக்கம் குனிந்தார். “அந்த டேங்க் நிஜமாவே வெடிக்குமா? எங்க ஆளுங்க தொடலாமா?”

“தாராளமாத் தொடலாம். இந்த ஊர்லயே அதைவிட நல்ல டேங்க் கிடையாது.”

“அப்போ அட்டையில எழுதினது?”

“அளவு கொஞ்சம் கூடிப்போச்சு” என்றார் தராசம்மா.

மூத்தவள் இதையெல்லாம் கேட்டதாகவே தெரியவில்லை. கட்டிலில் கிடந்த அட்டையை எடுத்தாள். தராசம்மா கையிலிருந்த பேனாவைக் கேட்காமலே உருவிக்கொண்டாள். இளையவள் நகர்ந்து வழிவிட்டாள். அட்டையைச் சுவரில் வைத்து, அழுத்தி அழுத்தி, ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். எழுதியதைப் புருஷன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். மாப்பிள்ளைக்கும் அது தெரிந்தது.

‘தினம் மத்தியானம் உங்களுக்குச் சாப்பாடு கொண்டு வந்து, தடுப்புக்குப் பின்னாடி நிழல்ல உட்கார்ந்திருந்தேனே. நான் எதுல முதுகு சாய்ச்சு உட்கார்ந்திருந்தேன்?’

அவர் படித்தார். அவள் அட்டையை இறக்கவில்லை. கை வலித்தபோது மற்ற கைக்கு மாற்றிப் பிடித்தாள். வார்டு முழுவதும் பதிலுக்காகக் காத்திருந்தது. அண்ணனின் உதடுகள் அசைந்தன. ஆனால் இந்தத் தடவை, பக்கத்தில் நின்ற அவளுக்குக்கூட எதுவும் கேட்கவில்லை.